வியட்நாம் விடுதலைப் போரிற் பிறநாட்டார்

ஒரு நாட்டின் விடுதலை, உள்ளபடி நோக்கின், இருவருக்கிடையே எழும் வழக்காகும். ஆளப்படுவோர் ஒரு பக்கம், ஆள்வோர் மறுபக்கம். வழக்கு நெடுங்காலம் நீடிக்கலாம்; கசப்பும் குருதியும் அதிற் கலக்கலாம். ஆயினும், ஈற்றில் அவ்விருவருமே அதனைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். பர்மாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் அவ்வாறே நிகழ்ந்தது. வியட்நாமிலோ வழக்காளிகளின் தொகை ஆண்டுக்காண்டு பெருகியது. பிரான்சுக்கும் வியட்நாமியருக்கும் இடையே தோன்றிய பிணக்கு, யப்பானை உள்ளே கொணர்ந்தது, சீனாவைக் கொணர்ந்தது, பிரித்தானியாவையும் ஐக்கிய அமெரிக்காவையும் சோவியத்து ஒன்றியத்தையும் கொணர்ந்தது. ஈற்றில், தென் கொரியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்த இளைஞர்கள் கூட அந்நாட்டின் காடுகளிலும் வயல்களிலும் நின்று போர் புரிந்தனர்.

இவர்கள் எல்லாரும் அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினாவாகும். பேராசை என்னும் ஒரு சொல்லால் இதற்கு விடை கூறிவிடுதல் எளிது. ஆனால் அவ்விடை போதாது. வந்தவர்களுட் சிலர் அழைக்கப்பட்டு வந்தவர்கள்; சிலர் பிறருக்கு அஞ்சி வந்தவர்கள்; வேறு சிலர், எவரோ வரைந்த எல்லைக்கோட்டின் பேரில் வந்தவர்கள். இவர்களுக்குள்ளே பொதுவாக இருந்த ஒரு தன்மையை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். வியட்நாமுக்குள் புகுந்த வல்லரசுகள் யாவும், வியட்நாமைப் பார்த்துக்கொண்டு வந்தனவல்ல. வேறொரு நாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தன.

வியட்நாமியர் முதன்முதல் அறிந்த பிறநாட்டார் சீனரே. கி.மு. 111 ஆம் ஆண்டு தொடக்கம் கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் சீனப் பேரரசின் கீழ் அந்நாடு இருந்தது. அதன் பின்னர் தன்னரசு பெற்றபோதிலும், சீனப் பேரரசர்களுக்குத் திறை அனுப்பி அவர்தம் மேலாட்சியைப் பெயரளவில் ஒப்புக்கொண்டு வந்தது. பெரிய அயலவனை வணங்கவும் வேண்டும், வீட்டுக்குள் விடாதிருக்கவும் வேண்டும் என்பது அம்மக்களின் பழைய அரசியற் பாடம்.

பிரான்சு அந்நாட்டுக்குள் நுழைந்த முறை நம்மவர்க்குச் சிறிது வியப்பளிக்கும்; அக்கதையில் நமது புதுச்சேரிக்கும் ஓர் இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியட்நாமில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. ஆட்சியை இழந்து நின்ற நுயென் ஆன் என்னும் இளவரசன், பினோ தெ பெகேன் என்ற பிரெஞ்சு ஆயரின் துணையை நாடினான். தன் சிறு மகனையே அவர் கையில் ஒப்படைத்துப் பிரான்சுக்கு அனுப்பினான். 1787 ஆம் ஆண்டு வெர்சாய் நகரில் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. பிரான்சு படை அனுப்பும். பதிலாகத் தூரான் துறைமுகத்தையும் ஒரு தீவையும் பெறும் என்பது அதன் சாரம். படையனுப்பும் பொறுப்புப் புதுச்சேரி ஆளுநரைச் சார்ந்தது, அவரோ மறுத்துவிட்டார். ஆயர் தாமே பொருள் திரட்டித் தொண்டர்களையும் மரக்கலங்களையும் சேர்த்துக்கொண்டு 1789 இற் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டார். நுயென் ஆன் 1802 இல் நாடு முழுவதையும் ஒன்றாக்கிக் கியா லோங் என்ற பெயருடன் முடிசூடினான். வெற்றி பெரும்பாலும் அவனுடைய சொந்த முயற்சியின் பயன். எனினும், அன்று எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கை பிரெஞ்சு மக்கள் நினைவில் ஒரு பழங்கடன் போலத் தங்கிவிட்டது.

அக்கடனைத் தண்டவந்தவர்கள் போல, 1858 ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் அதே தூரான் துறைமுகத்தைத் தாக்கின. இன்று டா நாங் எனப்படும் நகர் அதுவே. கத்தோலிக்க மதகுருமார் துன்புறுத்தப்பட்டமை காரணமாகக் காட்டப்பட்டது. ஆதலால் ஸ்பெயின் நாட்டுப் படையும் உடன் வந்தது. ஆயினும், சீன வணிகத்திற் பிரித்தானியா பெற்றிருந்த முதன்மைக்கு ஈடாகத் தனக்கும் ஒரு தளம் வேண்டும் என்ற எண்ணமே பிரான்சின் உள்ளத்தில் வலுத்திருந்தது. 1859 இற் சைகோன் வீழ்ந்தது. 1862 இல் தென்பகுதியின் மூன்று மாகாணங்களும், 1867 இல் எஞ்சிய மூன்றும் பிரான்சின் வசமாயின. வடக்கும் நடுப்பகுதியும் 1883, 1884 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளாற் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தன.

அவ்வேளையில் வியட்நாமிய அரசவை சீனாவின் துணையை எதிர்பார்த்தது. சீனப் படைகள் எல்லை கடந்து வந்து போர் புரிந்தமையும் உண்மை. ஆனால் 1885 ஆம் ஆண்டு தியென்சின் நகரிற் சீனாவும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. பன்னூறாண்டு பழைமையுடைய தன் மேலாட்சி உரிமையைச் சீனா அங்குக் கைவிட்டது. எந்த நாட்டின் விதி அங்கு எழுதப்பட்டதோ அந்த நாட்டின் குரலுக்கு அம்மேசையிற் பயன் இருக்கவில்லை. இவ்வாறு வியட்நாமின் வழக்கைப் பிறர் கூடித் தீர்க்கும் வழக்கம் தொடங்கிற்று. அடுத்த நூறு ஆண்டுகளில் அது பலமுறை மீண்டும் நிகழ்ந்தது.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அறிஞருள் முதன்மை பெற்றவர் பான் போய் சௌ. 1905 ஆம் ஆண்டு யப்பான் ருசியப் பேரரசைப் போரில் வென்றபோது ஆசியா எங்கணும் ஒரு புத்துணர்ச்சி பரவியது. பான் போய் சௌ யப்பானுக்குச் சென்றார். கிழக்கு நோக்கிய பயணம் எனப் பெயரிட்டு வியட்நாமிய மாணவர்களை அங்கே வரவழைத்தார். ஆசியரின் விடுதலைக்கு ஆசிய வல்லரசு ஒன்று கைகொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1907 இற் பிரான்சும் யப்பானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆசியாவில் ஒருவர் உடைமையை மற்றவர் மதிப்பது என்பது அதன் பொருள். மாணவர்கள் கலைக்கப்பட்டனர், 1909 இற் பான் போய் சௌவும் வெளியேற்றப்பட்டார். யப்பான் வியட்நாமியரை வெறுத்து அவ்வாறு செய்யவில்லை. அதற்குப் பிரான்சின் நட்பும் மூலதனமும் அப்போது தேவையாயிருந்தன.

அடுத்த தலைமுறையினர் மேற்கு நோக்கிச் சென்றனர். 1919 இல், முதலாம் உலகப் போர் முடிந்து வெற்றிபெற்ற நாடுகள் பாரிஸ் நகரிற் கூடியிருந்த வேளை, அங்கு வாழ்ந்த வியட்நாமியர் எட்டுக் கோரிக்கைகள் கொண்ட ஒரு மனுவை விடுத்தனர். அதிற் கையொப்பமாக இருந்த பெயர் நுயென் ஐ குவொக். பிற்காலத்தில் ஹோ சி மின் என உலகம் அறிந்தவர் அவரே. அம்மனு முழு விடுதலையைக் கூடக் கேட்கவில்லை. அரசியற் கைதிகளுக்கு மன்னிப்பு, சட்டத்தின் முன் சமத்துவம், பத்திரிகைச் சுதந்திரம், சங்கம் கூடும் உரிமை என்பனவற்றையே கேட்டது. தேசிய இனங்களின் தன்னாட்சி பற்றிப் பேசிய அமெரிக்கச் சனாதிபதி வில்சனுக்கும் அதன் படி அனுப்பப்பட்டது. பயன் விளையவில்லை. மறு ஆண்டு, குடியேற்ற நாடுகளைப் பற்றி லெனின் எழுதிய கோட்பாட்டை ஹோ சி மின் படித்தார். 1920 டிசம்பரில் தூர் நகரிற் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். தட்டிய கதவுகளுள் அக்கதவு ஒன்றே திறந்தது என்பதை, பின்னிகழ்ந்தவற்றை ஆராய்வோர் மறத்தலாகாது. 1930 இல் ஹொங்கொங்கில் வியட்நாமியப் பொதுவுடைமைக் கட்சி அமைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை முற்றாக மாற்றிற்று. 1940 யூன் மாதத்திற் பிரான்சு செர்மனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் யப்பானியப் படைகள் வட வியட்நாமில் நுழைந்தன. அவர்கள் நோக்கம் சீனாவே. ஹைபோங் துறைமுகத்திலிருந்து சீனாவின் குன்மிங் நகர் வரை சென்ற புகையிரதப் பாதையாற் சீனப் படைக்குப் பொருள்கள் சென்றுகொண்டிருந்தன. அப்பாதையை அடைப்பதே யப்பானியரின் எண்ணம். 1941 யூலையில் அவர்கள் தெற்கையும் பிடித்தனர். அவ்விடமிருந்து மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் தொலைவில் இல்லை. உடனே அமெரிக்கா, தன் நாட்டிலிருந்த யப்பானியச் சொத்துகளை முடக்கியது. யப்பானுக்கு எண்ணெய் செல்வதும் நின்றது. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு இட்டுச் சென்ற பாதையில் அது ஒரு முக்கியமான படி.

இக்காலத்து ஆட்சி விந்தையானது. யப்பானியர் பிரெஞ்சு நிருவாகத்தை அகற்றாது அதனையே வேலைவாங்கினர். இரு எசமானர்களைச் சுமந்த மக்கள், 1944 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945 இன் தொடக்கத்திலும் கொடும் பஞ்சத்தில் வீழ்ந்தனர். நெல்லைப் படைத்தேவைக்காக வலிந்து கொள்வனவு செய்தமை, வயல்களிற் சணல் முதலியன பயிரிடச் செய்தமை, தெற்கிலிருந்து அரிசி வரும் பாதைகள் குண்டுவீச்சால் அழிந்தமை, வெள்ளம் என்பன யாவும் ஒன்றுகூடின. இறந்தோர் தொகையைச் சில இலட்சம் என்பாரும் உளர். இருபது இலட்சம் என்பாரும் உளர். நெற்களஞ்சியங்களைத் திறந்துவிடுங்கள் என்று கூறிக் கிராமங்களுக்குள் சென்ற இயக்கத்தை மக்கள் நம்பியதில் வியப்பில்லை. 1941 மே மாதத்திற் சீன எல்லையோரத்தில் ஹோ சி மின் அமைத்த வியட் மின் என்பதே அவ்வியக்கம்.

1945 மார்ச்சு 9 ஆம் நாள் யப்பானியர் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தனர். யப்பானியரின் நடமாட்டத்தைப் பற்றிய செய்திகளும், வீழ்த்தப்பட்ட விமானமோட்டிகளை மீட்பதற்குத் துணையும் அமெரிக்கருக்குத் தேவைப்பட்டன. அவ்வாண்டு யூலையில் அமெரிக்க உளவுப் பிரிவின் சிறு குழுவொன்று வியட் மின் பாசறையில் வான்குடை மூலம் இறங்கியது. அவர்கள் வியட் மின் வீரருக்குப் படைக்கலமும் பயிற்சியும் அளித்தனர். காய்ச்சலால் நலிவுற்றிருந்த ஹோ சி மின்னுக்கு மருந்தும் கொடுத்தனர். ஆக, அமெரிக்கர் வியட்நாமிற் போர்க்கருவியுடன் அன்று இறங்கியது அவருடைய நண்பராகவே.

1945 ஓகஸ்டில் யப்பான் சரணடைந்தது. செப்டெம்பர் 2 ஆம் நாள் ஹனோய் நகரின் பா தின் திடலில் ஹோ சி மின் விடுதலையைப் பிரகடனம் செய்தார். அமெரிக்கர் 1776 இல் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தை நினைவூட்டியே அவர் தம் உரையைத் தொடங்கினார். ஆனால் நாட்டின் விதி அதற்கு முன்னரே செர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் எழுதப்பட்டுவிட்டது. யப்பானியப் படைகளின் சரணை ஏற்பதற்காக, நாடு பதினாறாம் அகலக்கோட்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே சியாங் கை-சேக்கின் சீனப் படையும், தெற்கே மவுண்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகமும் அப்பணியை ஏற்றன. இராணுவ வசதிக்காக வரையப்பட்ட அக்கோடே வியட்நாமை அறுத்த முதற் கோடு.

இலங்கை நேயர்கள் இவ்விடத்திற் சிறிது நின்று நோக்கலாம். அன்று அக்கட்டளையகம் இருந்த இடம் நமது கண்டி. பேராதனைப் பூந்தோட்டத்திலேயே அதன் அலுவலகங்கள் இயங்கின. அதன் அதிகாரத்தின் கீழ் தளபதி கிரேசி, இருபதாம் இந்தியப் படைப்பிரிவுடன் செப்டெம்பர் 13 ஆம் நாள் சைகோனில் வந்திறங்கினார். சரணடைந்த யப்பானியரின் படைக்கலங்களைக் களைந்து அவர்களை ஊருக்கு அனுப்புவதே அவருக்கிட்ட பணி. அவரோ வியட் மின் நிருவாகத்தை ஏற்க மறுத்தார். இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். சிறையிலிருந்த பிரெஞ்சு வீரரை விடுவித்து அவர்களுக்குப் படைக்கலம் வழங்கினார். செப்டெம்பர் 23 ஆம் நாள் அவர்கள் நகரின் அரசாங்கக் கட்டடங்களைக் கைப்பற்றினர். கலகம் மூண்டது. அதனை அடக்குவதற்கு, படைக்கலம் களையப்பட வேண்டிய யப்பானியரே பயன்படுத்தப்பட்டனர்.

நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகளும், பிரெஞ்சு ஆட்சியிற் பணிபுரிந்த புதுச்சேரித் தமிழரின் இல்லங்களும் இருந்த நகர் சைகோன். அதன் தெருக்களில், பிரித்தானியத் தளபதியின் ஆணைப்படி, இந்தியப் போர்வீரனும் யப்பானியப் போர்வீரனும் ஒரு பக்கத்தில் நின்று வியட்நாமியனைச் சுட்டனர். தன் நாட்டு விடுதலைக்காக ஏங்கிக்கொண்டிருந்த இந்தியனைக் கொண்டு இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்குவதா என்று நேரு கண்டித்தார். பிரித்தானியா ஏன் அவ்வாறு செய்தது? பிரான்சின் குடியேற்ற நாடு கைநழுவினால், மலாயாவிலும் பிறவிடங்களிலும் தன் நிலை தளரும் என்று அது அஞ்சியது. அதன் பார்வை சைகோனில் இருக்கவில்லை, சிங்கப்பூரில் இருந்தது.

வடக்கே வந்த சீனப் படை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டது. ஏற்கெனவே பஞ்சத்தால் மெலிந்த நாடு அவர்களுக்கும் உணவளிக்க வேண்டியதாயிற்று. எனினும், அவர்கள் ஹோ சி மின்னின் அரசைக் கலைக்கவில்லை. 1946 பெப்ரவரி 28 ஆம் நாள் பிரான்சு சீனாவிலிருந்த தன் பழைய சலுகைகளைக் கைவிட்டது. பதிலாகச் சீனப் படை வெளியேறப் பிரெஞ்சுப் படை வட வியட்நாமுக்குத் திரும்பலாம் என்றாயிற்று. 1885 இன் காட்சி மறுபடியும் நிகழ்ந்தது. தனித்து விடப்பட்ட ஹோ சி மின் மார்ச்சு 6 ஆம் நாள் பிரான்சுடன் உடன்பாடு செய்தார். வியட்நாம் பிரெஞ்சு ஒன்றியத்துக்குட்பட்ட ஒரு சுதந்திர அரசு என ஒப்புக்கொள்ளப்பட்டது. விடுதலை என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. சீனர் மீண்டும் ஒருமுறை தங்கிவிடுவதைக் காட்டிலும், சில ஆண்டுகளுக்குப் பிரெஞ்சுக்காரரைப் பொறுப்பது மேல் என்று அவர் எண்ணினார்.

அக்காலத்தில் ஹோ சி மின் அமெரிக்கச் சனாதிபதி ட்ரூமனுக்குப் பல மடல்கள் விடுத்தார். அவற்றுக்கு விடை வரவில்லை. ரூஸ்வெல்ட் உயிரோடிருந்தபோது இந்தோசீனாவைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தலாகாது என்று கருதியவர். அவர் 1945 ஏப்பிரிலில் மறைந்துவிட்டார். ஐரோப்பாவிற் சோவியத்து ஒன்றியத்தை எதிர்நிற்கப் பிரான்சின் துணை வேண்டும் என்பதே அவர்க்குப் பின் வந்தோரின் கவலை. சோவியத்து ஒன்றியமும் அப்போது வாளாவிருந்தது. பிரான்சின் பொதுவுடைமைக் கட்சி பாரிஸ் நகரில் ஆட்சியிற் பங்குகொண்டிருந்த காலம் அது. ஸ்டாலினின் கண்ணும் ஐரோப்பா மீதே இருந்தது. இரு பெரும் வல்லரசுகளும் பாராமுகமாயிருந்த அந்த ஓராண்டுக் காலத்தில், வழக்கு இருவருக்கிடையே தீர்ந்திருக்கக்கூடும். பொந்தன்புளோவிற் கோடைகாலம் முழுவதும் நடந்த பேச்சுவார்த்தை பயன்தரவில்லை. நவம்பர் 23 ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைபோங் நகரைப் பீரங்கியால் தாக்கின. டிசம்பர் 19 ஆம் நாள் ஹனோயிற் போர் மூண்டது.

முதல் மூன்று ஆண்டுகள் அது இருவர் போராகவே இருந்தது. அதனை உலகப் போட்டியாக மாற்றியது, வியட்நாமுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. 1949 ஒக்டோபர் முதல் நாள் மா சேதுங் சீன மக்கட் குடியரசை நிறுவினார். 1950 சனவரி 18 ஆம் நாள் சீனாவும், 30 ஆம் நாள் சோவியத்து ஒன்றியமும் ஹோ சி மின்னின் அரசை அங்கீகரித்தன. பெப்ரவரி 7 ஆம் நாள் அமெரிக்காவும் பிரித்தானியாவும், பிரான்சு அமைத்த பாவோ தாய் அரசை அங்கீகரித்தன. மூன்று கிழமைகளுக்குள் ஒரு நாட்டுக்கு இரு அரசுகளும், அவ்விரண்டுக்கும் இரு வேறு உலகங்களும் உண்டாயின. அமெரிக்கா முதலில் ஒரு கோடி டொலர் உதவியை ஒதுக்கியது. யூன் மாதத்திற் கொரியப் போர் வெடிக்கவே, வியட்நாம் அதன் மற்றொரு முனையெனக் கருதப்பட்டது. 1954 அளவிற் பிரான்சின் போர்ச்செலவில் ஐந்தில் நான்கு பங்கை அண்மித்த தொகை அமெரிக்கக் கருவூலத்திலிருந்து வந்தது.

சீனாவோ ஆலோசகர்களையும் படைக்கலங்களையும் அனுப்பியது. வியட் மின் படைகளைத் தன் மண்ணிற் பயிற்றியது. 1954 இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை நொறுக்கிய பெரும் பீரங்கிகளுட் பல, சியாங் கை-சேக்குக்கு அமெரிக்கா வழங்கி, அவரிடமிருந்து பொதுவுடைமையாளர் கைப்பற்றியவை. எதிர்நின்ற பிரெஞ்சுப் படையிலும் மொரொக்கோவினர், அல்சீரியர், அயல்நாட்டுப் படையணியிற் சேர்ந்த செர்மானியர், வியட்நாமியர் எனப் பலர் இருந்தனர்.

தியன் பியன் பூ முற்றுகை அதன் இறுதிக் கட்டத்தை அடைந்திருந்த வேளை, 1954 ஏப்பிரில் 28 ஆம் நாள், இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். சேர் யோன் கொத்தலாவலை அவர்களே அம்மாநாட்டைக் கூட்டியவர். உடனடிப் போர்நிறுத்தமும், இந்தோசீனாவுக்கு முழு விடுதலை அளிப்பதாகப் பிரான்சின் உறுதிமொழியும் வேண்டும் என அவர்கள் கேட்டனர். சீனா, பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம் ஆகிய நான்கும், போர் மீண்டும் மூளாதிருக்க உடன்பாடு காணவேண்டும் என்றனர். வல்லரசுகள் தலையிடாமை என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்பது நேருவின் விருப்பம். ஐவரும் ஒப்பக்கூடிய சொற்களைத் தேடியதில் அதன் கூர்மை குறைந்தது. அதே காலத்தில், பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிச் சென்ற அமெரிக்கப் பெருவிமானங்கள், இந்தியா தன் வான்வழியை மறுத்தமையால், இலங்கையில் இறங்கிச் சென்றன. அமைதிக்கு இடங்கொடுத்த மண்ணே போருக்கும் வழிகொடுத்தது. ஒரு சிறு நாட்டின்மேல் எத்தனை திசைகளிலிருந்து எத்தனை கைகள் விழுந்தன என்பதற்கு இது நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் சான்று.

மே 7 ஆம் நாள் தியன் பியன் பூ வீழ்ந்தது. மறுநாள் செனீவா மாநாடு இந்தோசீனாவைப் பற்றிப் பேசத் தொடங்கியது. களத்தில் வென்ற வியட் மின், நாட்டைத் தற்காலிகமாகப் பிரிப்பதாயின் பதின்மூன்றாம் அகலக்கோட்டிற் பிரிக்கலாம் என்றது. சீனப் பிரதமர் சௌ என்-லாயும் சோவியத்து அமைச்சர் மொலொத்தோவும் அதனைத் தளர்த்துமாறு வற்புறுத்தினர். தாமதித்தால் அமெரிக்கப் படை தன் எல்லையருகே வந்துவிடும் என்று சீனா அஞ்சியது. யூலை 21 இன் விடியற்காலைக்குள் முடிவு காணப்பட்டது: கோடு பதினேழாவதாயிற்று, நாட்டை ஒன்றாக்கும் தேர்தல் 1956 யூலையில் நடைபெறும் என்று கூறப்பட்டது. இந்தியாவின் தலைமையிற் கனடாவும் போலந்தும் சேர்ந்த ஆணைக்குழு மேற்பார்வை செய்யும் என்று வகுக்கப்பட்டது. ஆனால் அமெரிக்கா இறுதிப் பிரகடனத்தை ஏற்காது, குறித்துக்கொண்டதாக மட்டும் கூறியது. தென்பகுதி அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது.

இங்ஙனம் எதிரிகளைப் போலவே நண்பர்களும் வியட்நாமின் வழக்கைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர். ஹனோயின் தலைவர்கள் இதனை மறக்கவில்லை.

பிரான்சு விலகிய இடத்தில் அமெரிக்கா நின்றது. ஒரு நாடு வீழ்ந்தால் அடுத்தடுத்த நாடுகளும் வரிசையாகச் சரியும் என்று சனாதிபதி ஐசன்ஹோவர் 1954 ஏப்பிரிலிலேயே கூறியிருந்தார். நோ டின் டியெம் தலைமையிலான தென் வியட்நாம் அரசு, செனீவாவில் தான் கைச்சாத்திடவில்லை என்று கூறி 1956 தேர்தலை நடத்த மறுத்தது. 1959 தொடக்கம் வடக்கு, ஆட்களையும் படைக்கலங்களையும் லாவோஸ் வழியாகத் தெற்கே அனுப்பியது. 1960 டிசம்பரில் தெற்கில் தேசிய விடுதலை முன்னணி தோன்றியது. அங்கிருந்த அமெரிக்க ஆலோசகர் 1960 இன் முடிவில் ஏறக்குறைய 900 பேர்; 1963 இன் முடிவில் ஏறக்குறைய 16,000 பேர். அவ்வாண்டு நவம்பரில் டியெம் தம் படைத்தலைவர்களாற் கொல்லப்பட்டார். அவர்களின் சூழ்ச்சியை வாசிங்டன் முன்னரே அறிந்து ஊக்கியிருந்தது. தான் அமைத்த சுவர் சரியவே, அமெரிக்கா தன் தோளையே முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

1964 ஓகஸ்டில் தொங்கின் வளைகுடாவில் இரண்டு நாட்களிற் கப்பல்கள் தாக்கப்பட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஓகஸ்ட் 2 ஆம் நாளின் தாக்குதல் உண்மை. 4 ஆம் நாளின் தாக்குதல் நிகழவேயில்லை என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. ஆயினும், 7 ஆம் நாள் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் ஒரு சபை 416 க்கு 0 எனவும், மறு சபை 88 க்கு 2 எனவும் வாக்களித்துச் சனாதிபதி யோன்சனுக்குப் போர்புரியும் அதிகாரத்தை வழங்கின. 1965 மார்ச்சு 8 ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை வீரர் டா நாங் கரையில் இறங்கினர். 107 ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்த அதே கரை அது. 1969 இல் அமெரிக்கப் படை ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். தென் கொரியா காலப்போக்கில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வீரரை அனுப்பியது. அதற்கு ஈடாக அமெரிக்காவிடமிருந்து பெற்ற பொருளுதவி அந்நாட்டின் கைத்தொழில் வளர உதவிற்று. அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்பனவும் படை அனுப்பின. சீனா 1965 தொடக்கம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பொறியியற் படையினரையும் விமான எதிர்ப்புப் படையினரையும் வடக்குக்கு மாற்றி மாற்றி அனுப்பியது. சோவியத்து ஒன்றியம் ஏவுகணைகளை அளித்தது. அவ்விருவரும் அப்போது தமக்குள் பகைத்திருந்தனர். ஒருவர் கொடுப்பதைக் கண்டு மற்றவர் கூடுதலாகக் கொடுத்தார். அப்போட்டியைப் பயன்படுத்தி, எவருக்கும் அடிமைப்படாது இருவரிடமும் பெற்றுக்கொண்டது ஹனோயின் திறமை.

1972 பெப்ரவரியில் அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் பீக்கிங் நகரில் மா சேதுங்கைச் சந்தித்தபோது, ஹனோயில் எழுந்த ஐயம் பழைய வரலாற்றிலிருந்து எழுந்ததாகும். 1973 சனவரி 27 ஆம் நாள் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது; 1975 ஏப்பிரில் 30 ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அமெரிக்கர் 58,000 க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். வியட்நாம் அரசு 1995 இல் வெளியிட்ட கணக்கின்படி, தன் பக்கத்துப் போராளிகள் 11 இலட்சம் பேரும், நாடு முழுவதும் பொதுமக்கள் 20 இலட்சம் பேரும் மடிந்தனர். தென் வியட்நாமின் படைவீரரோ அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. வென்ற நாடு 1978 டிசம்பரிற் கம்போடியாவினுட் புகுந்து, தானும் ஒரு பிறநாட்டுப் படையாயிற்று. 1979 பெப்ரவரியிற் பழைய நண்பனான சீனா அதன் எல்லையைத் தாக்கியது.

நேயர்களே, இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓருண்மை புலனாகும். யப்பான் சீனாவைப் பார்த்தது. பிரித்தானியா மலாயாவைப் பார்த்தது. அமெரிக்கா முதலில் ஐரோப்பாவையும் பின்னர்க் கொரியாவையும் பார்த்தது. சீனா தன் தென்னெல்லையைப் பார்த்தது. வியட்நாமியக் குடியானவன் கேட்டதோ தன் வயலும் தன் அரசும். அவன் கேள்வி ஒவ்வொரு தலைநகரிலும் வேறொரு மொழியிற் பெயர்க்கப்பட்டது; பெயர்க்கும்போது அதன் பொருளும் மாறியது. அவனுடைய தலைவர்கள் பிறரை நாடாதிருந்திருக்கலாமே என்று கூறுதல் எளிது. வெறுங்கையுடன் பீரங்கியை எதிர்நிற்பவன் கருவி தேடாதிருப்பதெங்ஙனம்? தேடிய கருவி கிடைத்தது. அதனுடன் கொடுத்தவனின் பகையும் வந்து சேர்ந்தது.

1919 இற் கேட்கப்பட்டவை எட்டுச் சிறிய கோரிக்கைகள். அவற்றைக் கேட்டவனை அழைத்து உட்காரவைத்து, ஒரு பிற்பகலிற் பேசி முடித்திருக்கலாம். பேசாது விட்டதன் விலையை, அம்மனு எழுதப்பட்டபோது பிறந்திராத மூன்று தலைமுறையினர் செலுத்தினர்.